பதினெட்டு வயதின் சந்தேகம்

சர்க்காரைக் குறை சொல்லாத மாணவனை எந்தத் தேசத்திலும் பார்ப்பது அபூர்வம். வரி, விலைவாசி, போலீஸ், பரீட்சை எல்லாவற்றிற்கும் சர்க்காரைப் பொறுப்பாக்கி ஒரு மணி நேரம் பேசுவான். பிறகு பசி எடுத்ததும் எழுந்து சாப்பிடப் போய்விடுவான். அந்தப் பேச்சை யாரும் இலக்கியம் என்று சேர்த்து வைப்பதில்லை. ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சு மாணவன் எழுதியதை மட்டும் உலகம் இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. அவன் ராஜாவைத் திட்டியதோடு நிற்கவில்லை. திரும்பி ஜனங்களைப் பார்த்து, அவன் ஆளுவது இருக்கட்டும், நீங்கள் ஏன் ஆளப்படுகிறீர்கள் என்று கேட்டுவிட்டான்.

அவன் பெயர் எத்தியேன் த லா போயெசி. 1530-இல் சார்லா என்ற சிற்றூரில் பிறந்தவன். தகப்பனார் ராஜாங்க உத்தியோகஸ்தர். சிறு வயதிலேயே அவர் போய்விட்டார். பையன் ஓர்லேயான் சர்வகலாசாலையில் சட்டம் படித்து 1553-இல் பட்டம் பெற்றான். 'விரும்பி ஏற்ற அடிமைத்தனம்' என்று தமிழில் சொல்லத்தக்க அந்தக் கட்டுரையை எப்போது எழுதினான் என்பதில் தகராறு இருக்கிறது. அவனுடைய ஆருயிர் நண்பரான மான்டேன் முதலில் பதினெட்டு வயதில் என்றார். அப்புறம் பதினாறு என்று திருத்தினார். படிப்பு முடியுமுன் பலமுறை திருத்தியிருப்பான் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் கட்சி. எனக்கென்னவோ பதினெட்டுதான் பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் அவனுக்குப் பதினெட்டு நடந்த 1548-ஆம் ஆண்டில் அவனுடைய பிரதேசம் உப்புக்காகக் கொந்தளித்தது.

உப்பு வரியைப் போல் சமையலறைக்குள் நுழைகிற வரி வேறு கிடையாது. சோறில்லாத ஏழைக்கும் உப்பு வேண்டும். பிரெஞ்சு ராஜாங்கம் உப்பைத் தன் கிடங்கில் வைத்துத் தான் வைத்த விலைக்கு விற்கும் ஏற்பாட்டைத் தென்மேற்குப் பகுதிக்கும் கொண்டுவந்தது. குடியானவர்கள் எழுந்தார்கள். போர்தோ நகரத்தில் ராஜப் பிரதிநிதியைக் கூட்டம் அடித்தே கொன்றது. பதினைந்து வயது மான்டேன் அந்தக் கோரத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார். பிறகு ராஜாவின் சேனை வந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை கிடைத்தது. நகரத்தின் மணிகளைக்கூட இறக்கிக் கொண்டுபோனார்கள். உயிரை எடுத்தது போதாமல் ஊருக்கு நேரம் சொல்லும் மணியையும் எடுத்துக்கொண்ட ராஜாங்கத்தின் நுட்பத்தை என்னவென்பது!

கட்டுரையில் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரெஞ்சு ராஜாக்கள் வருகிற இடத்தில் மட்டும் ரொம்பப் பணிவாகப் பேசுகிறான். பையன் சமர்த்தன். கிரேக்கம், ரோமாபுரி, பாரசீகம் என்று பழங்கதைகளாகவே சொல்லிக்கொண்டு போகிறான். ஆனால் கூர்ந்து படித்தால் அவன் சந்தேகப்படுவது சிம்மாசனத்தை அல்ல, தினசரி வாழ்க்கையை என்று தெரிகிறது.

முதலில் பழக்கத்தைச் சந்தேகப்படுகிறான். ஸ்பார்ட்டாவின் லைகர்கஸ் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாய்க்குட்டிகளில் ஒன்றை அடுக்களையிலும் ஒன்றை வயல்வெளியிலும் வளர்த்த கதையைச் சொல்கிறான். சந்தையின் நடுவே ஒரு பாத்திரத்தில் கஞ்சியையும் பக்கத்தில் ஒரு முயலையும் விட்டபோது அடுக்களைக் குட்டி கஞ்சிக்கும் வயல் குட்டி முயலுக்கும் ஓடினவாம். அடிமைத்தனமும் அப்படிப் பழகி வருவதுதான் என்பது அவன் வாதம். அடுத்தபடி வேடிக்கைகளைச் சந்தேகப்படுகிறான். லிடியாவின் தலைநகரம் கலகம் செய்தபோது பாரசீகத்துச் சைரஸ் அங்கே காவற்படை வைக்கவில்லை. சாராயக் கடைகளும் தாசி வீடுகளும் பந்தய ஆட்டங்களும் திறந்து வைத்தான், அதன் பிறகு கத்தி எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை என்று எழுதுகிறான். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் கோதுமையும் திராட்சை மதுவும் சில்லறைக் காசும் வழங்கினார்கள். வாங்கினவர்கள் தங்களிடமிருந்து பறித்ததில் ஒரு துண்டுதான் திரும்பி வருகிறது என்று தெரியாமல் வாழ்த்தினார்கள் என்று கேலி செய்கிறான்.

இந்த இடத்தில் எனக்கு அவனோடு சண்டை உண்டு. கோதுமை வாங்கினவனை அவன் முட்டாள் என்று தீர்மானித்துவிடுகிறான். அவன் வீட்டில் முந்தின நாள் அடுப்பு எரிந்ததா என்று கேட்கவில்லை. கட்டுரை முழுவதும் தேடினாலும் பசித்த குழந்தை ஒன்றுகூட அகப்படாது. வரிசையில் நின்று தானியம் வாங்குகிற தாய்க்கு இது நம் வரிப்பணம்தான் என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் வாங்குகிறாள். தெரிந்துதான் வாழ்த்துகிறாள், அல்லது வாழ்த்துவதுபோல் உதட்டை அசைக்கிறாள். அந்த உதட்டசைவுக்குள் இருப்பதை நாவலாசிரியன் பார்ப்பான்; குடும்பப் பாரம் இல்லாத மாணவன் பார்க்கமாட்டான்.

ஆனால் அவனை நாவலாசிரியனுக்குச் சமமாக உட்கார வைக்கும் ஒரு பகுதி கடைசியில் வருகிறது. கொடுங்கோலனைக் காப்பது குதிரைப்படையோ காலாட்படையோ அல்ல என்கிறான். அவன் காதருகே ஐந்தாறு பேர். அந்த ஆறு பேரின் தயவில் அறுநூறு பேர். அறுநூறு பேரின் கீழே ஆறாயிரம் பேர். அதற்கும் கீழே கணக்கு எடுக்க முடியாது. ஒவ்வொருவனும் மேலே இருப்பவனுக்குக் குனிகிறான், கீழே இருப்பவனை மிரட்டுகிறான். மற்றப் பக்கங்களில் மேடைப் பேச்சு சற்று அதிகம். இங்கே மனிதர்கள் வருகிறார்கள். அரசாங்கம் எங்கோ தலைநகரத்தில் இல்லை, தெருக்கோடியில் குடியிருக்கிறது, அது நம் ஒன்றுவிட்ட மைத்துனனாகக்கூட இருக்கலாம் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிட்டான். அந்தச் சங்கிலியில் இருப்பவர்களின் மேல் இரக்கமும் காட்டுகிறான்: உழவன் சொன்ன வேலையைச் செய்தால் விட்டுவிடுவார்கள், இவர்களோ எஜமானின் முகக்குறிப்பைப் படித்து, அவன் ருசியையே தம் ருசியாக்கிக்கொண்டு வாழவேண்டியவர்கள். மாதச் சம்பளக்காரர்கள் இந்தப் பக்கங்களைப் படித்தால் கொஞ்சம் நெளியத்தான் செய்வார்கள்.

அவன் சொல்லும் பரிகாரம் எளியது. ராஜாவை அடிக்க வேண்டாம், தள்ள வேண்டாம். தாங்குவதை நிறுத்தினால் போதும், தானே விழுவான். போர்தோவின் கும்பல் செய்ததற்கு நேர் எதிரான யோசனை. இது வெகுதூரம் பயணம் செய்தது. அன்பின் சட்டத்தையும் வன்முறையின் சட்டத்தையும் பற்றி டால்ஸ்டாய் 1908-இல் எழுதிய நூலில் இந்த மாணவனின் பக்கங்களை எடுத்துச் சேர்த்திருக்கிறார். அதே ஆண்டு டிசம்பர் தேதியிட்டு அவர் ஓர் இந்தியருக்கு எழுதிய கடிதத்தில், இந்தியர்கள் தாங்களே தங்களை அடிமைப்படுத்திக்கொண்டார்கள் என்ற வாதம் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் காந்திஜி அந்தக் கடிதத்தைத் தம் பத்திரிகையில் முன்னுரையோடு பிரசுரித்தார். 1930-இல் அவர் தண்டிக்கு நடந்ததும், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் உப்புக்காகத்தான். அந்த நடையில் போயெசிக்கும் பங்கு உண்டு என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் மாணவன் எழுதாமல் விட்ட ஒரு பக்கத்தை அவர்கள் எழுதினார்கள்: தாங்குவதை நிறுத்துகிறவன் முதுகில் தடி விழும், சிறைக் கதவு திறக்கும். கையை எடுத்துவிட்டால் போதும் என்று எழுதியவன் அந்தக் கைக்கு என்ன ஆகும் என்று எழுதவில்லை.

1554-இல் அவனுக்குப் போர்தோ நீதிமன்றத்தில் பதவி கிடைத்தது. இனி 'அவர்' என்றுதான் சொல்லவேண்டும். சங்கிலியை வரைந்தவர் அதிலேயே ஒரு கண்ணியானார். ராஜாவின் நீதிபதியாக ஒழுங்காக உழைத்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சார்லாவைவிட வெனிஸ் குடியரசில் பிறந்திருப்பதையே அவர் விரும்பியிருப்பார் என்று மான்டேன் எழுதிவைத்திருக்கிறார். 1563-இல் முப்பத்திரண்டு வயதில் நோய்கண்டு இறந்தபோது தம் புத்தகங்களையும் காகிதங்களையும் அந்த நண்பருக்கே விட்டுப்போனார்.

நண்பர் 1571-இல் மற்ற எழுத்துக்களை அச்சிட்டார். இதை மட்டும் அச்சிடவில்லை. தம் கட்டுரைத் தொகுதியில் நட்பைப் பற்றிய கட்டுரைக்கு அடுத்து இதற்கு இடம் ஒதுக்க நினைத்திருந்தார். அதற்குள் மதக் கலகத்தில் ராஜாவை எதிர்த்த புராட்டஸ்டண்டுகள் 1574-இல் துண்டு துண்டாகவும் 1576-இல் முழுதாகவும் இதை வெளியிட்டுவிட்டார்கள். மான்டேன் கையை இழுத்துக்கொண்டு, சின்ன வயதில் பயிற்சிக்காக எழுதியது என்று சமாதானம் சொல்லி, அதற்குப் பதிலாக நண்பரின் 29 காதல் கவிதைகளைப் போட்டார். பிற்பாடு அவற்றையும் எடுத்துவிட்டார். இப்போது அந்த இடத்தில் ஒரு சீமாட்டிக்கு எழுதிய சமர்ப்பணமும், கவிதைகளை வேறிடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற குறிப்புமே இருக்கின்றன.