நாற்றமில்லாத ஒப்பந்தம்

2022 டிசம்பரில் கானா தன் வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. "ஊழல்தான்டா, வேற என்ன?" என்றான் நண்பன். அப்போது நான் அயி க்வேய் ஆர்மாவின் 'தி பியூட்டிஃபுல் ஒன்ஸ் ஆர் நாட் யெட் பார்ன்' (1968) நாவலைப் பாதி தாண்டியிருந்தேன். நாவலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்கும்படி.

நாயகனுக்குப் பெயரில்லை. ரயில்வே குமாஸ்தா. காட்டில் அழுகிக் கிடக்கும் மரங்களை ஏற்ற வேகன் கேட்டு ஒரு மரவியாபாரி பணத்தோடு வருகிறார். இவன் மறுக்கிறான். வீட்டில் மனைவி ஓயோ அவனை 'சிச்சிடோடோ' என்கிறாள். மலத்தை வெறுத்துக்கொண்டே அதில் நெளியும் புழுவை விரும்பித் தின்னும் பறவை அது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த வருடத் தீபாவளிக்குக் குத்தகையாளர் ஒருவர் அனுப்பிய ஹேம்பரை நான் திருப்பி அனுப்பியபோது, "எல்லாரும் வாங்குறாங்கதானே, நீ மட்டும் என்ன பெரிய இவன்?" என்று அம்மா கேட்டிருந்தார். நேர்மையானவன் சொந்த வீட்டிலேயே அசடாகிப்போவதை நான் வேறெங்கும் இப்படி வாசித்ததில்லை.

என் குறை அந்த வேகனைப் பற்றியது. ஏன் வேகன் இல்லை? வரிசை நீளமாக இருக்கிறவரை அதைத் தாண்ட ஒரு விலை இருக்கத்தான் செய்யும். குமாஸ்தா கையைச் சுத்தமா வச்சுக்கிட்டா வேகன் கூடிடாது. இந்தக் கேள்வியின் வாசல்வரை வந்த ஆர்மா, ஆபீஸ் மாடிப்படிக் கைப்பிடியின் அழுக்குக்கே திரும்பிவிடுகிறார்.

1966 பிப்ரவரி 24. ராணுவம் நிக்ருமாவைக் கவிழ்க்கிறது. நாவலில் அமைச்சர் கூம்சன் கக்கூஸ் ஓட்டை வழியாக ஊர்ந்து தப்புகிறார். மறக்கவே முடியாத காட்சி. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நிக்ருமா அக்கொசொம்போ அணையைத் திறந்துவைத்தார். அணைக்காக ஏறத்தாழ 80,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். மின்சாரத்தில் பெரும்பங்கு, தெமாவில் அமெரிக்க நிறுவனங்கள் நடத்திய அலுமினிய உருக்காலைக்குப் போனது. நீண்டகால ஒப்பந்தம், அடிமாட்டு விலை. கானாவிலேயே பாக்சைட் இருந்தும் ஆலைக்கான அலுமினா வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. எல்லாம் சட்டப்படி, கையெழுத்தோடு. அந்த மாதிரி காகிதத்துக்கு நாற்றம் கிடையாது. நாற்றத்தை வைத்தே எழுதப்பட்ட நாவலில் அது அகப்படவில்லை.

இந்த நாவலின் நோய் கானாவினுடையது அல்ல என்று சினுவா அச்செபே குறைபட்டார். அது கொஞ்சம் அதிகம். ஆட்சி கவிழ்ந்த பிறகும் சோதனைச்சாவடியில் பஸ் டிரைவர் லைசென்சோடு பணத்தை நீட்டுகிறார், போலீஸ்காரர் வாங்கிக்கொள்கிறார். பஸ்ஸின் பின்னால் நாவலின் தலைப்பு, எழுத்துப்பிழையோடு. இது கானாவின் நோய் இல்லாமல் வேறென்ன?

புத்தகம் இப்போது நண்பனிடம் இருக்கிறது. வேகன் வரும் பக்கத்தை மடித்துத்தான் கொடுத்தேன்.