'வீட்டுச் சாப்பாடு': யார் வீட்டுச் சாப்பாடு?

சின்ன ஓட்டல்களைப் பற்றி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள், படம்பிடித்துப் போடுகிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே பாட்டுதான். முதலாளியே பரிமாறுகிறார், அவர் மனைவி சமைக்கிறார், உரிமையோடு விசாரிக்கிறார்கள், வீட்டில் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது. இந்தப் புகழ்ச்சியைக் கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. காரணம், வேப்பம்பட்டில் நான் சாப்பிட்ட ஒரு மதியச் சாப்பாடு.

ஒரு கூட்டத்துக்காகப் போயிருந்தேன். திருநின்றவூருக்கு அடுத்த ஸ்டேஷன். தோழர் ஒருவர் சொல்லியனுப்பிய மெஸ், நாலு மேசை. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. காரக்குழம்பில் பூண்டு நன்றாக வெந்திருந்தது. ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். மோர் ஊற்றும்போது முதலாளி கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "அட, அங்க நமக்கு சொந்தக்காரங்க இருக்காங்களே. நீங்க ஊர்லயா, காலனியிலயா?"

எம்.ஏ. தமிழ் படித்தவன், மேடையில் சாதி ஒழிப்பு பேசுகிறவன், "ஸ்கூல் பக்கத்துல" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. திட்டவில்லை, விரட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் காசு வாங்கினார். ஆனால் அந்தக் கடையில் யாரும் தன் இலையைத் தானே எடுக்கவில்லை. நான் மட்டும் எடுத்துப் போட்டேன். ஏன் எடுத்தேன் என்று ஸ்டேஷன் வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.

சட்டம் நமக்கு என்ன தந்திருக்கிறது? அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, கடை, உணவு விடுதி எதிலும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். அடுத்த ஆண்டு அந்தச் சொல் போனது. பலகையில் எழுதியதை எதிர்த்து மறியல் செய்யலாம். மோர் ஊற்றிக்கொண்டே அன்பாகக் கேட்கிற கேள்வியை எதிர்த்து எப்படி மறியல் செய்வது?

விமர்சகர்கள் கொண்டாடுகிற அந்த 'உரிமையான விசாரிப்பு' எல்லோருக்கும் ஒன்றல்ல. சொல்லக்கூடிய பதில் உள்ளவனுக்கு அது உபசரிப்பு. நமக்கு அது விசாரணை. கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே மறுத்துப் பேசினார். அந்தக் கிராமத்தின் வாசனைதான் புறநகர் மெஸ்ஸிலும் அடிக்கிறது. யாரும் யாரையும் கேட்காத பெரிய ஓட்டலில் சாம்பார் சப்பென்று இருந்தாலும் நாம் நிம்மதியாகச் சாப்பிடுகிறோமே, அதை எந்த விமர்சகராவது எழுதியிருக்கிறாரா?

இன்னொன்று. அன்றைக்குக் கூட்டம் முடிந்து ஒரு தள்ளுவண்டியில் பீஃப் பிரியாணி சாப்பிட்டேன். அதுவும் முதலாளியே நடத்துகிற கடைதான். அக்கா சமைக்கிறார், மகன் பொட்டலம் கட்டுகிறான். "கத்திரிக்கா வச்சிக்கோ தம்பி, போட்டி தீந்துடுச்சி" என்றார். எந்த ஊரென்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், காலனி என்றும் சொன்னேன். "அதான் மூஞ்சியிலயே பசி தெரியுதே" என்று சிரித்து இன்னொரு கரண்டி போட்டார். இதுவும் வீட்டுச் சாப்பாடுதானே? எங்கள் வீட்டுச் சாப்பாடு. புகழ்கிற பட்டியல்களில் இது ஏன் வருவதில்லை?

தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது, மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் விமர்சனம் வந்த பிறகுதான் பீஃப் பிரியாணி வந்தது. அரசாங்கமே 'நம்ம ஊர்ச் சாப்பாடு' என்று சொல்லும்போது 'நம்ம' என்பதில் யார் இருக்கிறார்கள் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

ஓட்டலைப் பற்றி எழுதுகிற நண்பர்கள் உப்பு, காரத்தோடு இதையும் எழுதட்டும். அங்கே என்ன கேட்டார்கள்? யாரிடம் கேட்டார்கள்? இலையை யார் எடுத்தார்கள்? எனக்கும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. அந்த மெஸ்ஸுக்கு மறுபடி போக வேண்டும். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "காலனிதாங்க" என்று சொல்லிவிட்டு, இலையை அப்படியே விட்டு எழுந்து வர வேண்டும்.