இரண்டாவது குரல்: ‘பன்னிரு சினமுற்ற மனிதர்’ திரைப்படமும் ஜனநாயகப் பங்கேற்பும்

மக்களை ஜனநாயகச் செயற்பாடுகளிற் பங்குகொள்ளத் தூண்டுவதிற் கதைகளுக்கும் ஒரு பணியுண்டு என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கருத்தாகும். ஆனால் அப்பணி எத்தகையது என்று வினவுமிடத்து, கதை ஓர் உயர்ந்த மனிதனைக் காட்டுகின்றது, காண்போர் அவனைப் பின்பற்றுகின்றனர் என்னும் எளிய விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. இவ்விடை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வதற்கு, றெஜினால்ட் றோஸ் எழுதி, சிட்னி லூமெற் இயக்கி 1957இல் வெளிவந்த ‘பன்னிரு சினமுற்ற மனிதர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் தக்க சான்றாக அமைகின்றது. றோஸ் தாம் யூரராகக் கடமையாற்றிய அனுபவத்தின் அடியாக எழுதிய இப்படைப்பு, 1954இல் தொலைக்காட்சி நாடகமாகவே முதலில் ஒளிபரப்பானது.

தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 18 வயது இளைஞன் ஒருவனின் விதியைப் பன்னிரு யூரர் ஓர் அறையிலிருந்து தீர்மானிக்கின்றனர். தீர்ப்பு ஏகமனதானதாயிருத்தல் வேண்டும். குற்றவாளி எனக் கண்டால் மரணதண்டனை நிச்சயம். முதல் வாக்கெடுப்பிற் பதினொருவர் ‘குற்றவாளி’ என்கின்றனர். எட்டாவது யூரர் மட்டுமே மறுக்கின்றார். இறுதியிற் பன்னிருவரும் ‘சுற்றவாளி’ என்னும் முடிவிற்கு வருகின்றனர்.

இதனைத் தனியொருவனின் வெற்றியாகக் காண்பதே வழக்கமாகிவிட்டது. அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஐம்பது திரை நாயகர் வரிசையில் எட்டாவது யூரர் இடம்பெற்றமை இவ்வழக்கிற்குச் சான்றாகும். ஹென்றி பொண்டாவின் நடிப்பும் அவரது வெண்ணிற உடையும் இத்தகைய வாசிப்பிற்குத் துணைபுரிகின்றன என்பதும் உண்மையே.

ஆயின் உலகியல் இவ்வாறன்று. ஹரி கால்வனும் ஹான்ஸ் சைசலும் 1966இல் வெளியிட்ட ‘அமெரிக்க யூரி’ என்னும் ஆய்வு நூல், முதல் வாக்கெடுப்பின் நிலை அறியப்பட்ட 225 வழக்குகளை ஆராய்ந்து, ஏறத்தாழப் பத்தில் ஒன்பதில் முதற் பெரும்பான்மையின் முடிவே இறுதி முடிவாயிற்று எனக் காட்டியது. இறுதிவரை உடன்படாது நிற்பவருக்கும் தொடக்கத்தில் வேறு சிலர் துணையாக இருந்தமையே பெருவழக்கு என்பதும் அவர்தம் முடிபாகும். இவ்வடிப்படையில் நோக்கின், தனிவீரனின் கதை ஏறத்தாழ ஒரு கற்பனைக் கதையே. அதனினும் கவலைக்குரியது அது விளைக்கக்கூடிய பயன். தன்னை வீரனாகக் கருதாத சாதாரண மனிதன், இது தனக்குரிய செயலன்று என ஒதுங்கிவிடவும் இடமுண்டு.

எனினும், இக்குறை படத்தினுடையதா, அதனைப் பார்க்கும் முறையினுடையதா என்பது சிந்திக்கத்தக்கது. முதல் வாக்கெடுப்புக் காட்சியைக் கூர்ந்து நோக்கினால், சில கைகள் உடனே உயர்வதையும், வேறு சில, சுற்றியிருப்போரைப் பார்த்தபின் தயங்கி உயர்வதையும் காணலாம். உளவியலாளர் சொலமன் ஆஷ் 1950களில் நடத்திய பரிசோதனைகள் இத்தயக்கத்திற்கு விளக்கந் தருகின்றன. கோடுகளின் நீளத்தை ஒப்பிடுதல் என்னும் மிக எளிய பணியிற்கூட, முன்னேற்பாட்டின்படி குழுவினர் ஒருமித்துத் தவறான விடை கூறியபோது, பரிசோதிக்கப்பட்டோரின் விடைகளுள் ஏறத்தாழ மூன்றிலொன்று அத்தவறையே பின்பற்றியது. குழுவில் ஒரேயொருவர் சரியான விடையைக் கூறியபோதோ, அவ்விணக்கம் ஏறத்தாழ நான்கிலொரு பங்காகச் சுருங்கியது.

இந்த ‘ஒரேயொரு துணை’ படத்தில் எவ்விடத்தில் வருகின்றது? எட்டாமவர் இரகசிய வாக்கெடுப்பொன்றைக் கோருகின்றார். பதினொருவரும் மீண்டும் ‘குற்றவாளி’ என்றெழுதினால் தாமும் இணங்கிவிடுவதாகக் கூறுகின்றார். அதாவது, தனித்து நிற்றல் இயலாதென்பதைக் கதைநாயகரே ஒப்புக்கொள்கின்றார். அப்போது ‘சுற்றவாளி’ என்றெழுதியவர் ஒன்பதாவது யூரரான முதியவர். எதிரி குற்றமற்றவன் என்ற நம்பிக்கை அவரிடம் இன்னும் தோன்றவில்லை. ஏளனத்தின் நடுவே தனித்து நின்றவரை மதித்து, மேலும் கேட்க விரும்புவதே அவர் கூறும் காரணம். அவரது துணை கிடைத்த பின்னரே சேரியில் வளர்ந்த ஐந்தாமவரும், புலம்பெயர்ந்து வந்த கடிகாரத் தொழிலாளியான பதினோராமவரும் மனம் மாறுகின்றனர். கதையின் திருப்பம் இரண்டாவது குரலிலேயே தங்கியுள்ளது. வீரனாக இருத்தல் அனைவர்க்கும் இயலாது. இரண்டாமவராக இருத்தல் பலர்க்கும் இயலும்.

நடத்தை விஞ்ஞானம் பங்கேற்பை வளர்க்கக் கண்ட வழிகளுட் பெயர்பெற்ற ஒன்றையும் இங்கு ஒப்புநோக்கலாம். 2006இல் மிச்சிகன் மாநில முதனிலைத் தேர்தலின்போது அலன் கேர்பர், டொனால்ட் கிறீன், கிறிஸ்தோபர் லறிமர் ஆகியோர் நடத்திய பரிசோதனையில், முந்திய தேர்தல்களில் வாக்களித்தவர், வாக்களியாதவர் யாவர் என்பதை அயலவர்க்கும் அறிவிக்கும் கடிதங்கள் அனுப்பப்பட்டன. கடிதம் பெறாதோருள் 29.7 வீதத்தினர் வாக்களிக்க, பெற்றோருள் 37.8 வீதத்தினர் வாக்களித்தனர். இப்பயன் சிறிதன்று. ஆயினும் வாக்காளரைச் சாவடிக்கு அழைத்துவந்த அதே அயலவர் பார்வைதான், யூரர் அறையில் தயங்கிய கைகளையும் உயர்த்தியது. பேஸ்போல் ஆட்டத்திற்குச் செல்லும் அவசரத்தில் வாக்கை மாற்றும் ஏழாவது யூரரும் எண்ணிக்கையிற் பங்கேற்றவரே. அவரைப் பதினோராமவர் கண்டிக்கும் காட்சி, எண்ணிக்கை காணாத ஒன்றைக் காண்கின்றது. மனிதரை வாயில்வரை கொணரும் வழியைப் பரிசோதனை கூறுகின்றது. உள்ளே அவர் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதைக் கதை கூறுகின்றது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமும் உண்டு. ஜோன் காஸ்ரில் முதலியோர் அமெரிக்காவில் மேற்கொண்ட ஆய்வுகள், முன்னர் அரிதாகவே வாக்களித்தவர்கள், குற்றவியல் வழக்குகளில் யூரராகக் கலந்தாராய்ந்தபின் தேர்தல்களில் கூடுதலாக வாக்களித்தமையைக் காட்டியுள்ளன. தம் சொல்லுக்குச் செவி உண்டென்று கண்டவர் மீண்டும் வருகின்றனர் என இதனை விளக்கலாம்.

படம் குறைகளற்றதன்று. பன்னிருவரும் வெள்ளை ஆண்கள். குற்றஞ்சாட்டப்பட்டவனோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. எட்டாமவர் வெளியே சென்று கத்தி வாங்கிவருதல், மன்றிற் சமர்ப்பிக்கப்பட்ட சான்றுகளைக் கொண்டே யூரர் தீர்மானிக்க வேண்டும் என்னும் விதிக்கு முரணானது. அனைத்திற்கும் மேலாக, ஏகமனதுத் தீர்ப்பு என்னும் விதியின்றி இக்கதையே நிகழ்ந்திராது. இலங்கைச் சட்டத்தில் யூரர் எழுவர். ஐந்துக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையே போதுமானது. அத்தகைய அறையில் முதற் குரலையும் இரண்டாவது குரலையும் ஒருங்கே கேளாது விட்டுவிடவும் கூடும். ஆகவே நல்லியல்பு மட்டும் போதாது; மாற்றுக் குரலைக் கேட்கக் கட்டாயப்படுத்தும் அமைப்பும் வேண்டும்.

படம் முழுவதிலும் யூரர் எவருக்கும் பெயரில்லை. இறுதியில் நீதிமன்றப் படிகளில் இருவர் மட்டுமே தத்தம் பெயரைக் கூறிக் கைகுலுக்கிப் பிரிகின்றனர். ஒருவர் எட்டாமவர், மற்றவர் ஒன்பதாமவர். படைப்பாளிகள் எவரை நாயகராகக் கருதினர் என்பதற்கு இக்காட்சியினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.