ரூபாய்க் குறியீடு: ஒரு வடிவமைப்பு எப்போது வெற்றி பெறுகிறது?

இந்திய நாணயத்தைக் குறிக்கும் ரூபாய்க் குறியீட்டுக்கு (₹) நடுவண் அமைச்சரவை 2010 சூலை 15 அன்று ஒப்புதல் அளித்தது. அரசு நடத்திய போட்டியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து இது தேர்வு செய்யப்பட்டது. இதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் அச்செழுத்துகள் குறித்து ஆய்வு செய்தவர். இக்குறியீடு ஏன் நிலைத்தது, எங்கே குறைபட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவமும் விளக்கமும்

தேவநாகரியின் ‘ர’ எழுத்தும், செங்குத்துக் கோடு நீங்கிய உரோமன் ‘ஆர்’ எழுத்தும் இதில் ஒன்றாகின்றன. மேற்கோடு தேவநாகரியின் தலைக்கோடு. இரு கிடைக்கோடுகளும் அவற்றின் இடைவெளியும் மூவண்ணக் கொடியை நினைவூட்டுவதாகவும், அவ்விரு கோடுகள் சமக் குறியாகவும் நிற்பதாகவும் விளக்கம் தரப்பட்டது. ஆனால் காய்கறி விலையைப் பார்க்கும் எவரும் கொடியை நினைப்பதில்லை. விளக்கம் தேர்வுக் குழுவுக்கு உதவலாம். அன்றாடப் புழக்கத்தில் அது உடன் வருவதில்லை.

உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. டாலர், யூரோ, யென், பவுண்டு ஆகியவற்றின் குறிகள் ஓர் எழுத்தும் அதைக் கடக்கும் கோடும் கொண்டவை. ரூபாய்க் குறியீடும் அந்த மரபில் அமைந்ததால், எண்ணுக்கு முன் நின்றவுடனேயே பணக்குறியாகப் புரிகிறது. சில கோடுகளில் கையாலும் எழுதிவிடலாம். முன்பு வழங்கிய உரோமன் சுருக்கம் பாகிசுத்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் ரூபாய்க்கும் பொதுவானது. இக்குறியீடு இந்திய ரூபாயைத் தனித்துக் காட்டுகிறது.

கணினிக்குள் நுழைந்த வழி

அறிவிப்பு வந்தபோது இக்குறியீட்டைத் தட்டச்சிட வழியில்லை. விசைப்பலகையில் அதிகம் பயன்படாத ஒரு குறியின் இடத்தில் இதைப் பொருத்திய எழுத்துரு ஒன்று இணையத்தில் பரவியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், விலைக்கு முன்னால் அந்தப் பழைய குறியே தெரிந்தது. 2010 அக்டோபரில் வெளியான யூனிகோடு 6.0 பதிப்பில் தனிக் குறியெண் கிடைத்த பிறகே நிலையான தீர்வு பிறந்தது. பின்னர் இயங்குதளங்களும் எழுத்துருக்களும் இதை ஏற்றன. 2011இல் புதிய நாணயங்களிலும் இடம்பெற்றது. ஒரே வரைபடம் சில மாதங்கள் பயனற்றும் பின்னர் பயனுள்ளதாகவும் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது வடிவம் அல்ல, அதைத் தாங்கும் ஏற்பாடு.

குறைகள்

முதலாவது, மொழி சார்ந்தது. தமிழ் எழுத்துகளுக்குத் தலைக்கோடு கிடையாது. தமிழ் வரியில் இது வெளியிலிருந்து வந்த குறியாகவே தெரிகிறது. ‘ரூ’ என்ற தமிழ்ச் சுருக்கம் இன்றும் வழக்கில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். பல எழுத்துமுறைகள் வழங்கும் நாட்டின் பொதுக்குறி இரண்டை மட்டும் இணைத்தது கேள்விக்குரியதே. இரண்டாவது, அச்சு சார்ந்தது. மிகச் சிறிய அளவில் இரு கிடைக்கோடுகளும் ஒட்டிக்கொள்கின்றன. இக்குறி இல்லாத பற்றுச்சீட்டு அச்சுப்பொறிகளில் பழைய சுருக்கமே தொடர்கிறது.

மதிப்பீடு

வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் தம் படைப்புக்கு நீண்ட கருத்துரை எழுதுவதுண்டு. அந்த உரையை நீக்கிய பின்னும் படைப்பு நிற்கிறதா என்பதே முதல் சோதனை. ரூபாய்க் குறியீடு அதில் தேறுகிறது. அடுத்த சோதனை, படைத்தவரின் கையில் மட்டும் இல்லாதது: பிறர் அதை எழுதவும் அச்சிடவும் தட்டச்சிடவும் முடிய வேண்டும். இதில் தேறியதற்கான பாராட்டில் குறியெண் வழங்கியவர்களுக்கும் எழுத்துரு செய்தவர்களுக்கும் பங்குண்டு. எல்லா மொழிக்கும் சமமாகப் பொருந்துவது என்ற மூன்றாம் சோதனையில் மட்டும் இது பாதி வழியிலேயே நிற்கிறது.