ஆலிவ் எண்ணெய்: பழமையும் அண்மையும் போதுமா?

பாரம்பரிய முறையில் உள்ளூரிலேயே தயாரித்த ஆலிவ் எண்ணெய் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற கருத்து மத்தியதரைக் கடல் நாடுகளில் பரவலாக உள்ளது. கேட்க இனிமையான கருத்துத்தான். ஆனால் இதில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. பழைய முறை நல்லது என்பது ஒன்று. அருகில் விளைந்தது நல்லது என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே தராசில் இட்டுப் பார்ப்போம்.

முதலில் தோப்பு. தென் ஸ்பெயினில் அந்தலூசியா மாநிலத்தைச் சேர்ந்த ஹயேன் மாவட்டத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் உள்ளன. பழைய வகைத் தோப்பில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 100 மரங்களே இருக்கும். பெரும்பாலும் மழைநீரே அவற்றுக்குப் போதும். முதிய மரங்களின் பொந்துகளில் பறவைகள் கூடு கட்டும். புதிய வகைத் தோப்புகளிலோ 1,500 முதல் 2,000 மரங்கள் வேலிபோல் நெருக்கி நடப்படுகின்றன. அவற்றுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் தேவை. வரிசையின் மேலாகச் செல்லும் இயந்திரம் காய்களை உலுக்கி உள்ளே எடுத்துக்கொள்கிறது. மணம் கெடாதிருக்க இந்த அறுவடையைக் குளிர்ந்த இரவில் நடத்தினார்கள். கிளைகளில் உறங்கிய வலசைப் பறவைகளும் காய்களோடு இயந்திரத்துக்குள் போயின. அந்தலூசியாவில் ஆண்டுக்கு 26 லட்சம் பறவைகள் மடிந்ததாக மதிப்பிடப்பட்டது. 2019-இல் அங்கு இரவு அறுவடை நிறுத்தப்பட்டது. எனவே, தோப்பைப் பொறுத்தவரை பழைய முறைக்கே வெற்றி.

ஆயினும் அது முழு வெற்றியன்று. களை முளைக்கலாகாது என்று சரிவு நிலத்தை அடிக்கடி உழுது வெறுமையாக வைப்பதும் பழைய வழக்கமே. ஒரு பெருமழை போதும், மேல்மண் அடித்துச் செல்லப்படும். மரங்களுக்கிடையே புல்லை வளரவிட்டால் இந்த அரிப்பு வெகுவாகக் குறையும்.

அடுத்து ஆலை. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 5 கிலோ காய் வேண்டும். கல் உருளையில் அரைத்து அழுத்திப் பிழியும்போது எண்ணெயோடு கறுப்பு நீரும் வெளிவரும். ஆற்றில் கலந்தால் அது உயிர்வளியை உறிஞ்சி மீன்களைக் கொல்லும். 1980-களின் தொடக்கத்தில் ஸ்பெயின் இதை ஆறுகளில் விடுவதைத் தடை செய்தது. 1990-களில் பரவிய புதுவகை மையவிலக்குப் பொறி இக்கழிவு நீரைப் பெருமளவு ஒழித்துவிட்டது. அதன் பிண்ணாக்கு ஈரச் சேறாக இருப்பதால் அதை உலர்த்த எரிபொருள் செலவாகிறது என்பது உண்மையே. இருந்தாலும் இங்கே வெற்றி புதுமைக்கு.

இனி 'உள்ளூர்' என்ற சொல். ஒரு லிட்டர் எண்ணெயும் கண்ணாடிப் புட்டியும் சேர்ந்து 1.4 கிலோ எடை என்று கொள்வோம். ஒரு டன் சுமையை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்லும் லாரி சுமார் 100 கிராம் கரியமிலவாயுவை வெளியிடும். ஹயேனிலிருந்து பாரிஸ் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஒரு புட்டிக்கு 224 கிராம். அதே ஹயேனில் ஒருவர் 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆலைக்குக் காரில் சென்று ஒரே ஒரு புட்டியுடன் திரும்புகிறார். கார் கிலோமீட்டருக்கு 150 கிராம் வெளியிட்டால் மொத்தம் 1,500 கிராம்! தொலைவு மட்டும் கணக்கில்லை. எந்த வண்டியில், எவ்வளவு சுமையோடு என்பதும் கணக்கே.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். பழைய தோப்பில் விளைச்சல் குறைவு, கூலி அதிகம். கட்டுப்படியாகாததால் பல தோப்புகள் கைவிடப்படுகின்றன. அங்கே புதர் மண்டிக் காட்டுத்தீக்கு இரையாகிறது. அவற்றைக் காக்கக் கூடுதல் விலை கொடுக்க மக்கள் முன்வருகிறார்கள். அந்தப் பணம் கல் உருளையின் படம் போட்ட புட்டிக்குப் போகலாகாது. மண்ணையும் பறவையையும் காக்கும் உழவருக்குப் போகவேண்டும்.

ஆகவே 'பாரம்பரியம்', 'உள்ளூர்' என்ற சொற்களைப் படித்ததும் நின்றுவிடாதீர்கள். மரம் எப்படி நிற்கிறது, மண் மூடியிருக்கிறதா, கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். பெருமை அந்த விடைகளில்தான் இருக்கிறது.