இருளும் யதார்த்தமும்: மாயாலோகத் தொடர் நாவல்கள் குறித்துச் சில கருத்துக்கள்

மாயாலோகக் கதைகளைப் பற்றி நம்மிடையே இரு கருத்துக்கள் நிலவுகின்றன. மந்திரவாதிகளும் டிராகன்களும் உலவும் நூல்கள் வாழ்க்கையினின்றும் தப்பியோடுவோரின் புகலிடம். ஆதலின் முற்போக்காளர் அவற்றைத் தொடவும் வேண்டியதில்லை என்பது ஒன்று. அண்மைக் காலத்து ஆங்கில மாயாலோக நாவல்கள் பழைய பொற்கனவுகளைக் கைவிட்டுவிட்டன. கொலையும் வஞ்சகமும் பசியும் அவற்றில் உள்ளவாறே காட்டப்படுகின்றன. ஆதலின் அவை யதார்த்த இலக்கியமே என்பது மற்றொன்று. முன்னைய கருத்து ஆசிரியரிடையே மிகுதி. பின்னையது மாணவரிடையே மிகுதி. இரண்டினையும் நூல்களைக் கொண்டே சோதித்தல் வேண்டும். எண்ணூறும் ஆயிரமுமாகப் பக்கங்கள் கொண்ட பாகங்களை நம் இளைஞர் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடிக்கின்றனர். அவற்றிலிருந்து அவர்கள் பெறுவது யாது என்று கேளாமல், 'நசிவு இலக்கியம்' என்று முத்திரை குத்துவது விமர்சனமாகாது.

இவ்வகை நாவல்களின் பிறப்பை விளங்கிக்கொள்ள, அவை எதனை எதிர்த்துத் தோன்றின என்பதை முதலில் நோக்குதல் தகும். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய டொல்கீனின் 'மோதிரங்களின் பிரபு' 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. 1916இல் சொம் போர்க்களத்தின் கோரத்தை நேரிற் கண்ட அவர், தம் கதையில் தீமையை முழுவதும் ஒரு கறுப்புக் கோட்டையினுள் வைத்தார். அக்கோட்டை வீழ்ந்ததும் உரிமையுள்ள அரசன் முடிசூடுகின்றான், நாடு நலம்பெறுகின்றது. நிலமானிய அமைப்பிலே கோளாறு எதுவுமில்லை, தக்க அரசன் அரியணையில் அமராமையே கோளாறு என்பதுதான் இக்கதையின் உட்கிடை.

இந்த ஆறுதலை வன்மையாகக் கண்டித்தவர் ஆங்கில நாவலாசிரியர் மைக்கேல் மூர்கொக். 1978இல் வெளிவந்த கட்டுரையொன்றில், டொல்கீன் மரபு மத்தியதர வர்க்கத்தின் பழமைப்பற்றுக்குத் தாலாட்டாக அமைகின்றது என அவர் வாதிட்டார். அதற்கு முன்னரே, 1961 முதல், எல்ரிக் என்னும் பாத்திரத்தைக் கொண்டு அவர் எழுதிய கதைகள் இம்மரபைத் தலைகீழாக்கின. எல்ரிக் நோயுற்ற பேரரசன். அழிந்துகொண்டிருக்கும் ஒரு கொடிய சாம்ராச்சியத்தின் கடைசி வாரிசு. உயிர்களைக் குடிக்கும் அவனது வாள், அவன் நேசிப்பவர்களையும் விட்டுவைப்பதில்லை. ஏகாதிபத்தியத்தின் செல்வம் யாருடைய உயிரால் வளர்ந்தது என்ற வினா முடியாட்சிக் கதையினுள்ளே இவ்வாறு நுழைந்தது. இருண்ட மாயாலோகக் கதையின் முற்போக்கான ஊற்றுக்கண் இதுவே எனலாம்.

அடுத்து நோக்கத்தக்கவர் அமெரிக்கரான கிளென் குக். அமெரிக்கக் கடற்படையிற் சேவைபுரிந்து, பின்னர் மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் உழைத்த இவரது 'பிளாக் கொம்பனி' 1984இல் வெளிவந்தது. கூலிப்படையொன்றின் மருத்துவனும் வரலாறெழுதுவோனுமாகிய ஒருவன் கதையைச் சொல்லுகின்றான். மந்திரவாதிகளுக்கிடையே நிகழும் பெரும்போர் அவனுக்குத் தொலைவில் நடக்கும் ஒன்று. அணிவகுப்பு, சலிப்பு, சீட்டாட்டம், நண்பனின் காயம், கூலி ஆகியவையே அவனுக்கு அண்மையில் உள்ளவை. அப்படையை அமர்த்தியிருப்பவள் கொடுங்கோலாட்சி புரியும் ஒரு பேரரசி. அவளை எதிர்ப்போரும் தூயவர் அல்லர். குக்கின் நடை சிக்கனமானது. வருணனைக்கு அங்கே இடமில்லை. பெருங்காப்பியப் பொருளை ஒரு தொழிலாளியின் பேச்சிலே சொல்ல முடியும் என அவர் காட்டியது சிறு சாதனையன்று. அரண்மனை மாடத்திலிருந்து போரைப் பார்த்த வகை இலக்கியம், முதன்முறையாகச் சேற்றில் நின்றவனின் கண்ணாற் பார்க்கத் தொடங்கிற்று. ஆயினும் கூலிக்குக் கொல்பவன் தன் கூலியைப் பற்றி ஆழமாகக் கேள்வி கேட்பதில்லை. படைத்தோழமையே அவனுக்கு இறுதி அறம். அதற்கப்பால் மக்கள் இல்லை.

இம்மரபை உலகறியச் செய்தவர் ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1948இல் பிறந்தவர்; வியட்நாம் யுத்தத்திற் பங்குகொள்ள மனச்சாட்சியின் பேரில் மறுத்தவர். 'பனியும் நெருப்பும் பற்றிய பாடல்' என்னும் அவரது தொடர் ஏழு பாகங்களாகத் திட்டமிடப்பட்டது. அவற்றுள் ஐந்து 1996க்கும் 2011க்கும் இடையில் வெளிவந்தன. 'கேம் ஒஃப் துரோன்ஸ்' என்னும் பெயரில் 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரால் நூலைப் படியாதாரும் கதையை அறிவர்.

மார்ட்டினின் சிறப்பு யாது? டொல்கீனின் நல்லரசன் என்ன வரிக்கொள்கையைக் கைக்கொண்டான் என்று அவர் ஒரு பேட்டியிற் கேட்டது பலரும் அறிந்ததே. இவ்வினாவை அவர் தம் நாவலினுள்ளும் கொணர்ந்தார். முதற் பாகத்தில் அரசன் ஒரு வீரவிளையாட்டு விழாவுக்கு ஆணையிடுகின்றான்; திறைசேரியோ ஏறத்தாழ அறுபது இலட்சம் பொற்காசு கடனில் மூழ்கியிருக்கின்றது. அக்கடனிற் பாதி அரசியின் தந்தைக்கே உரியது. மணவுறவும் கடனும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வரலாற்று நாவல்களும் சிலவே. அதே பாகத்தில் இறைச்சிக்கடைக்காரனின் மகன் ஒருவன், பிரபுவின் மகளோடு மரக்குச்சிகளை வாளாகக் கொண்டு விளையாடியதன் விளைவாக வெட்டிக் கொல்லப்படுகின்றான். மூன்றாம் பாகத்தில் அக்கொலைக்கு விசாரணை நடைபெறுகின்றது. வழக்கு வாட்போரினால் தீர்க்கப்படுகின்றது. வலிய கையுடைய கொலைகாரன் வென்று விடுதலையாகின்றான். நீதி யார் கையில் உள்ளது என்பதை இதனைவிடக் கூர்மையாகச் சொல்லுதல் அரிது.

நான்காம் பாகத்திலே ஊர் ஊராகத் திரியும் ஏழைக் குருவொருவர், படையினின்றும் தப்பியோடிக் கள்வரான உழவரைப் பற்றிப் பேசும் இடம் தொடர் முழுவதிலும் தலைசிறந்தது என்பது என் கருத்து. பாட்டும் கதையும் கேட்டுப் பிரபுவின் கொடிக்கீழ்ச் சென்றவன், தன் சகோதரர் மடிவதையும் தன் காலணி தேய்வதையும் கண்டு, எவருக்காகப் போரிடுகிறோம் என்றறியாத நிலையில் ஒருநாள் உடைந்துபோகின்றான். அவனைத் தூக்கிலிடுமுன் இரங்குங்கள் என்கின்றார் அக்குரு. தீமை மனிதனின் குருதியிற் பிறப்பதன்று, சமூக நிலைமைகளிற் பிறப்பது என்னும் உண்மை அங்கே கலையாக மலர்ந்துள்ளது.

இத்துணைச் சிறப்பிருந்தும் இத்தொடரை யதார்த்தவாதம் எனக் கொள்ளத் தடையாயிருப்பது ஒன்றுண்டு. ஏங்கெல்ஸ் 1888இல் மார்கரெட் ஹார்க்னஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியைக்கு எழுதிய கடிதம் நம் வாசகர் அறிந்தது. முடியாட்சியில் அனுதாபங்கொண்ட பல்சாக், அந்த அனுதாபத்தையும் மீறிப் பிரபுக்களின் வீழ்ச்சியை உண்மையாகத் தீட்டினார் என்று பாராட்டிய அதே கடிதத்தில், அவ்வம்மையாரின் நாவலில் தொழிலாள வர்க்கம் தனக்குத்தானே உதவ இயலாத செயலற்ற கூட்டமாகக் காட்டப்பட்டுள்ளது என்று ஏங்கெல்ஸ் குறை கூறினார். துன்பத்தைக் காட்டுதல் மட்டும் போதாது, துன்புறுவோர் அதனை எதிர்த்து நிமிர்வதும் உண்மையின் ஒரு பகுதியே என்பது அவர் கருத்து. இயற்பண்புவாதத்தையும் யதார்த்தவாதத்தையும் பிரிக்கும் கோடு இதுவாகும்.

இவ்வளவுகோலை மார்ட்டினுக்குப் பொருத்திப் பார்ப்போம். அத்தியாயங்கள் ஒவ்வொன்றும் ஒரு பாத்திரத்தின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டுள்ளன. அக்கண்கள் பெரும்பாலும் பிரபுக்களுக்கும் அவர்தம் மக்களுக்கும் உரியவை. சேரியிற் பிறந்து முதன்மை பெறுபவன் டாவொஸ் என்னும் முன்னாட் கடத்தற்காரன். முற்றுகையிடப்பட்ட கோட்டைக்கு உணவு கொணர்ந்தமைக்காக அவனை வீரனாக உயர்த்திய பிரபு, பழைய குற்றத்துக்காக அவன் விரல்களின் நுனிகளையும் வெட்டுகின்றான். அவ்வெலும்புகளை டாவொஸ் அதிட்டப் பொருளாகக் கழுத்தில் அணிந்துகொள்கின்றான்! ஒடுக்கப்பட்டோன் தன் ஒடுக்குமுறையையே அணிகலனாகப் பூணும் இவ்வவலத்தை ஆசிரியர் நேர்மையின் சின்னமாகவே நம்முன் நிறுத்துகின்றார். தலைநகரத்து மக்கள் பசியாற் கலகஞ் செய்கையில், அக்கலகத்தைக் குதிரைமேல் தப்பியோடும் அரசவையினரின் அச்சத்தினூடாகவே காண்கிறோம். அப்பம் கேட்டவனின் வீடு எப்படியிருந்தது என்பதை நாம் காண்பதில்லை.

அடிமை நகரங்களின் கதையும் இத்தகையதே. டிராகன்களையுடைய இளவரசி அடிமைகளை விடுதலை செய்கின்றாள். பொருளாதார அடித்தளம் மாறாமையால் நகரமக்கள் சிலர் தம்மை அடிமைகளாக விற்க அனுமதி வேண்டுகின்றனர். ஆணையொன்றினால் அடிமைமுறை ஒழியாது என்பது கூரிய அரசியல் நோக்கே. எனினும் அடிமையாயிருந்து அவ்விளவரசியின் துணையாகிய மிசாண்டேயின் கண்ணால் எழுதப்பட்ட அத்தியாயம் ஒன்றேனும் இல்லை. விடுதலை மேலிருந்து வருகின்றது. மக்கள் மனுக்கொடுப்போராகவே நிற்கின்றனர்.

மத்திய காலம் அவ்வாறுதான் இருந்தது என்று சிலர் விடையிறுப்பர். வரலாறு வேறு கூறுகின்றது. மார்ட்டின் தம் கதைக்கு முன்மாதிரியாகக் கொண்டது 1455இல் தொடங்கிய இங்கிலாந்தின் ரோசாப்பூப் போர்களை. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1450இல், ஜாக் கேட் என்பவனின் தலைமையில் கென்ட் பிரதேச மக்கள் திரண்டெழுந்து, தம் முறைப்பாடுகளை எழுத்தில் வரைந்து, இலண்டன் நகரினுள் நுழைந்தனர். 1381இல் வட் டைலரின் தலைமையில் எழுந்த உழவர் பண்ணையடிமை முறையை ஒழிக்குமாறு மன்னனிடம் நேருக்கு நேர் கேட்டனர். ஜேர்மானிய உழவர் போரைப் பற்றி ஏங்கெல்ஸ் 1850இல் தனிநூலே எழுதினார். ஆகவே, பிரபுக்களின் படுகொலைகளை வரலாற்றினின்றும் எடுத்துக்கொண்டு, உழவரின் கோரிக்கைகளை அங்கேயே விட்டுவிடுவது யதார்த்தமன்று; அது ஒரு தெரிவு.

இத்தெரிவின் விளைவை ஜோ அபர்க்ரொம்பி என்னும் ஆங்கில எழுத்தாளரிடம் முழுமையாகக் காண்கிறோம். 2006 முதல் 2008 வரை வெளிவந்த அவரது முதல் முந்நூற்றொகுதியில் ஞானமுதியவராகத் தோன்றும் மந்திரவாதி, ஈற்றில் ஒரு பெரும் வங்கியின் மறைமுக அதிபதியாக வெளிப்படுகின்றார். அரசன் அவரது பொம்மை. மந்திரத்தின் திரையை விலக்கி நிதிமூலதனத்தைக் காட்டிய இடம் இது. 2019 முதல் 2021 வரை வெளிவந்த இரண்டாம் முந்நூற்றொகுதியில் அதே நாட்டிற் புகைபோக்கிகள் எழுகின்றன. குழந்தைகள் ஆலைகளில் உழைக்கின்றனர். இயந்திரங்களை உடைப்போர் இயக்கமாகத் திரளுகின்றனர். மாயாலோக நாவல் கைத்தொழிற் புரட்சியை இவ்வாறு நேருக்கு நேர் சந்தித்தது வரவேற்கத்தக்கது.

ஆனால் புரட்சி வெடித்ததும் ஆசிரியரின் கண் மங்கிவிடுகின்றது. மக்கள் ஆட்சி என்பது கோபுரத்தின் உச்சியிலிருந்து மனிதரைத் தள்ளிக் கொல்லும் வெறியாட்டமாகின்றது. அம்மாபெரும் எழுச்சியைப் பின்னின்று இயக்கியவன் பழைய அரசின் சித்திரவதைத் தலைவனே என்பது இறுதியில் தெரியவருகின்றது. கைக்குழந்தையொன்றின் பெயரால் முடியாட்சி மீள்கின்றது. புரட்சி என்பது சதிகாரரின் கைவேலை என்னும் இவ்வாதம் புதியதன்று; பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி பாருவேல் என்னும் பாதிரியார் 1797இலேயே இதனைக் கூறிவிட்டார். இயந்திரங்களை உடைத்த லுட்டைட்டுகள் கூலிக்காகவும் தொழிலுரிமைக்காகவும் கட்டுப்பாட்டோடு போராடியவர் என்பதை ஈ. பி. தொம்சன் 1963இல் வெளியிட்ட பெருநூலில் நிறுவினார். அந்த ஆராய்ச்சி வெளிவந்து அரைநூற்றாண்டு கழிந்த பின்னும் அவர்களைத் தூண்டிவிடப்பட்ட கும்பலாகக் காட்டுவதைத் துணிவு என்று எவ்வாறு போற்றுவது?

இருள் தன்னளவில் முற்போக்கானதன்று என்பதை உணரத் தமிழ் மாணவர் தொலைவு செல்லவேண்டியதில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியிற் பேய்கள் போர்க்களத்திற் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து உண்கின்றன. அக்கோரக் கற்பனைக்கு இணையானதை இன்றைய ஆங்கில நாவல்களிலும் எளிதிற் காணல் இயலாது. ஆயினும் அக்கோரம் முழுவதும் குலோத்துங்கனின் புகழுக்கே பந்தல் போடுகின்றது. அன்று கோரம் மன்னனைப் புகழ்ந்தது. இன்று கோரம் மனிதனை இகழ்கின்றது. இரண்டிலும் குடிமக்கள் களத்திற் கிடக்கும் உடல்களே.

தொடர் என்னும் வடிவத்தையும் இங்கு மறத்தலாகாது. ஒரு போர் முடிந்தால் அடுத்த பாகத்துக்கு இன்னொரு போர் வேண்டும். பிரச்சினை தீர்ந்தால் பண்டமும் தீர்ந்துவிடும். ஆகவே 'எதுவும் மாறாது' என்னும் தத்துவம் ஆசிரியரின் உள்ளத்திலிருந்து மட்டும் வருவதன்று. பதிப்பகச் சந்தையின் தேவையும் அதனோடு ஒத்திசைகின்றது. மார்ட்டினின் கதை நூலில் முடியுமுன்னரே 2019இல் தொலைக்காட்சியில் முடித்துவைக்கப்பட்டமை இச்சந்தையின் அவசரத்தைக் காட்டும்.

அவ்வாறாயின் நாம் செய்யவேண்டியது யாது? இந்நாவல்களைத் தடைசெய்யும் மனப்பான்மை பயனற்றது. பொற்கிரீடத்தின் பொய்யைக் கிழித்த கடமையை அவை செய்துள்ளன. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆனால் மனிதன் இயல்பாகவே கொடியவன், ஆள்வோரெல்லாம் ஒரே தரத்தினர், எழுச்சியெல்லாம் குருதியில் முடியும் என்ற முடிவுகளோடு நூலை மூடும் மாணவன், தன் ஊரிலே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்கவோ ஒரு வேலைநிறுத்தத்தில் நிற்கவோ முன்வருவானா? நம்பிக்கையின்மையை அறிவு முதிர்ச்சி என்று அவன் கருதத் தொடங்குவானாயின், ஆளும் வர்க்கத்துக்கு அதனிலும் மலிவான காவல் வேறில்லை.

ஆதலின் இந்நூல்களை மாணவரோடு சேர்ந்தே படிப்போம். ஒவ்வோர் அத்தியாயத்திலும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழக்குவோம். இங்கே உண்ணப்படும் உணவை விளைவித்தவர் யார்? இக்காட்சியை நாம் யாருடைய கண்ணாற் காண்கிறோம்? எவருடைய கோரிக்கை இங்கே கேட்கப்படாமல் விடப்பட்டது? குக் சேற்றில் நின்றவனுக்குப் பேச்சைக் கொடுத்தார். மார்ட்டின் உடைந்துபோன உழவனுக்கு ஒரு பிரசங்கத்தின் நீளத்துக்கு நீதி வழங்கினார். அவ்வுழவனே எழுந்து தன் கதையைத் தானே சொல்லும் மாயாலோக நாவல் ஒன்று எழுதப்படல் வேண்டும். அதனை எழுதப்போகிறவர் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவராகவும் இருத்தல் கூடும்.