கொடுத்தவனும் கேட்டவனும்

தியாகதுருகத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருடையது. என் நாவல் ஒன்றைப் படித்திருந்தார். ரசம் வரும் வரையில் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு மெதுவாக, "தம்பி, உங்க பண்ணையாரு வாரி வாரிக் கொடுக்கிறாரு, சரி. அவரைப் பார்த்து 'நீங்க செய்யறது தப்பு'ன்னு சொல்ல நாவல் முழுக்க ஒரு ஆள்கூட இல்லியே. அப்புறம் அவரு எப்படித் தலைவரு?" என்று கேட்டார்.

அதற்குமேல் எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. பண்ணையாரைத் தலைவராக்க நான் செய்ததெல்லாம் அவர் கையில் நெல்லும் பணமும் கொடுத்து, எதிரே ஒரு கூட்டத்தைக் கூட்டியதுதான்.

அந்த ஊருக்குக் காவல்போல ஒரு மலைக்கோட்டை நிற்கிறது. 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதை ஹைதர் அலியின் படைக்கு விட்டுக்கொடுத்தார்கள். 1761-ல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையைப் பிடித்தவர்களில் ஒருவர் பெயரைக்கூட ஆசிரியர் சொல்லவில்லை. அவர் சொன்ன பெயர் இன்னும் எத்தனையோ நூற்றாண்டு பழையது: மலையமான் திருமுடிக்காரி. திருக்கோவலூரையும் முள்ளூர் மலையையும் ஆண்டவன், இந்தச் சீமைக்காரன்.

காரியை நமக்குத் தெரியும். கடையெழு வள்ளல்களில் ஒருவன், குதிரைகளை வழங்கியவன் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு. 1894-ல் சாமிநாதையர் அச்சிட்டுத் தந்த புறநானூற்றைப் பிரித்து, கபிலர் அவன்மேல் பாடிய நான்கு பாட்டுக்களையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று பாட்டில் புகழ்ச்சி. குடித்து மகிழ்ந்திருக்கும்போது தேரைக் கொடுப்பது யாருக்கும் சுலபம், இவன் குடிக்காமலே கொடுப்பவன் என்கிறார். கெட்ட நாளில், கெட்ட சகுனத்தில் போனாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம் என்கிறார்.

நூற்றிருபத்தொன்றாம் பாட்டு வேறு தினுசு. நான்கு திசையிலிருந்தும் பரிசில் தேடிப் பலர் வருகிறார்கள்; கொடுப்பது மிகச் சுலபம்; ஒவ்வொருவர் தகுதியையும் அறிவதுதான் கடினம்; எல்லாப் புலவரையும் ஒன்றாகப் பார்ப்பதை விட்டுவிடு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். கையேந்தி வந்த இடத்தில் கண்டிப்பு! காரி என்ன பதில் சொன்னான் என்று பாட்டில் இல்லை. ஆனால் கபிலரை இப்படிப் பேசவைக்கும் ஒரு சபை அவனிடம் இருந்தது. குதிரைகளைவிட அதுதான் அவனுக்குப் பெருமை என்பது என் அபிப்பிராயம்.

காரி குறையே இல்லாதவன் என்று நான் சொல்ல வரவில்லை. வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தவனும் அவன்தான். ஓரியும் ஒரு வள்ளல். கொடைக் கணக்கு மட்டுமே தலைமைக்கு அளவுகோலானால், இந்தக் கொலையை எந்தப் பத்தியில் எழுதுவது?

மலையமான் குழந்தைகள் விஷயத்துக்கு வாருங்கள். சோழன் கிள்ளிவளவன் அவர்களை யானைக் காலில் இட நினைக்கிறான். கோவூர் கிழார் குறுக்கே வந்து நாற்பத்தாறாம் பாட்டைப் பாடுகிறார். நீ புறாவின் துன்பம் தீர்த்தவன் பரம்பரை. இவர்களோ புலவர் பசிக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்தவர் பரம்பரை என்கிறார். யானையைக் கண்ட வேடிக்கையில் குழந்தைகள் அழுகையை மறந்துவிட்டனவாம். அந்நிய முகங்கள் நிறைந்த மன்றத்தைப் பார்த்துத்தான் மிரள்கின்றனவாம். கதை எழுதுகிறவன் பொறாமைப்பட வேண்டிய இடம் அது. கடைசியில் புலவர் கெஞ்சவில்லை. 'கேட்டுவிட்டாய், இனி உன் இஷ்டம்' என்ற பாவனையில் முடித்துவிடுகிறார். குழந்தைகள் பிழைத்ததைப் பாட்டு சொல்லவில்லை. அதன் அடியில் உள்ள பழைய குறிப்புத்தான் சொல்கிறது.

யானையும் மன்றமும் ஆணையும் கிள்ளிவளவனுடையவை. அவை கையில் இருக்கும்போது நிறுத்திக்கொண்டானே, அந்த ஒரு நிமிஷம் அவன் தலைவன். இன்றும் நாம் தலைவர்களை அளப்பது என்ன கொடுத்தார், எத்தனை பேர் திரண்டார்கள் என்ற கணக்கைக் கொண்டுதான். அவரிடம் யார் மறுத்துப் பேசினார், பேசியவர் பிறகு என்ன ஆனார் என்று விசாரிப்பதில்லை.

ஊர் திரும்பியதும் நாவலுக்குப் புது அத்தியாயம் ஒன்று எழுத உட்கார்ந்தேன். கணக்குப்பிள்ளை எழுந்து, "ஐயா, இது நியாயமில்லை" என்றார். என் பண்ணையார் அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார். மூன்று தடவை மாற்றி எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான் செய்தார்.